பதில்: 110 டிகிரியிலேயே நிற்கும் சூரியத் தொட்டி

அண்ணே, பலகாரம் பொரிக்க காரைக்குடி மொட்டை மாடியில் 1 மீட்டர் அகலத்துக்குப் பரவளையத் தொட்டி (வெயிலை ஒரே கோட்டில் குவிக்கும் வளைந்த பிரதிபலிப்பான்) செய்தும் எண்ணெய் 110 டிகிரியைத் தாண்டவில்லை என்கிறீர்கள். எனக்குச் சந்தேகம், வெயில் குவியும் இடத்தில் எண்ணெய் ஓடும் அந்த 2 அங்குலக் குழாய் மேல்தான். குழாய் பருத்தால், வெப்பத்தைக் காற்றுக்கு விடும் பரப்பும் கூடும். மூடாமல் வேறு இருக்கிறது. மாடிக் காற்று சும்மா விடுமா? 1 அங்குலத்துக்கு மாறுங்கள், அதைச் சுற்றி மேலே போரோசிலிகேட் (சூடு தாங்கும்) கண்ணாடிக் குழாய் மாட்டுங்கள். சூட்டில் இரும்பு நீளும், முனைகளில் இடைவெளி விடுங்கள்.

சின்னக் குழாய்க்குக் குறி தப்பக்கூடாது. சூரியன் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது, தொட்டியையும் அதோடு திருப்ப வேண்டும். குழாய்க்கு மேலே வெள்ளை அட்டையைப் பிடித்துப் பாருங்கள்: அட்டையில் பளீரென்று கோடு விழுந்தால் அந்த ஒளி குழாயில் படாமல் தப்பியது. வளைவு சரியில்லை, அல்லது குவியத்திலிருந்து (ஒளி குவியும் இடம்) குழாய் விலகியிருக்கிறது. தொட்டியின் ஆழம் 25 செ.மீ. என்றால் குவியமும் அடியிலிருந்து 25 செ.மீ. உயரத்தில்தான் வரும்.

முறுக்கும் சீயமும் பொரிக்க 170 டிகிரியாவது வேண்டும். தயவுசெய்து சமையல் எண்ணெயையே குழாயில் ஓட விடாதீர்கள், சீக்கிரம் கெட்டுப்போகும். தெர்மிக் ஃப்ளூயிட் (சூட்டைக் கடத்துவதற்கான தனி எண்ணெய்) ஓட்டுங்கள். அது சூட்டில் விரியும் என்பதால் உயரத்தில் திறந்த விரிவுத் தொட்டி கட்டாயம். அந்தத் தொட்டிக்குப் போகும் குழாயில் வால்வு எதுவும் வைக்காதீர்கள்.