அவசரத் தொடர்புக்கு யாருடைய எண்?

கேள்வி: எனக்கு வயது 52. சொந்தத் தொழில், கடன் கிடையாது, மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். ஆழ்கடலில் கிடக்கும் ஒரு கப்பல் சிதைவைச் சிறு நீர்மூழ்கியில் இறங்கிப் பார்க்க வேண்டுமென்பது என் நெடுநாள் ஆசை. ஏறத்தாழ 4,000 மீட்டர் ஆழம். முன்பணம் கட்டிவிட்டேன். தகுதிச் சான்றிதழ் பெறும் பணி நடந்துகொண்டிருப்பதாக நிறுவனத்தார் சொல்கிறார்கள். சாலையில் போவதைவிட இதில் ஆபத்து குறைவு. அப்படியே ஏதாவது நடந்தாலும் வலி தெரியாமல் கணத்தில் முடிந்துவிடுமாம். மனைவியிடம் கப்பல் பயணம் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். வீணாகக் கலங்குவாள் என்பதால் படிவத்தில் அவசரத் தொடர்புக்குக்கூடத் தம்பியின் எண்ணைத்தான் கொடுத்தேன். அவனிடமும் இனிமேல்தான் சொல்ல வேண்டும். புறப்படுவதற்குள் மனைவியை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

பதில்: ஆசையையும் ஆழத்தையும் பற்றி நீங்கள் எழுதியவற்றுக்குப் பிறகு வருகிறேன். தம்பியின் எண்ணைக் கொடுத்ததாகப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். தினமும் வண்டியை எடுத்துக்கொண்டு சாலையில் போகிறீர்கள். உங்களுக்கு ஏதாவது ஆனால் அழைப்பதற்கென்று பையில் யாருடைய எண்ணை வைத்திருக்கிறீர்கள்? மனைவியின் எண்ணாகத்தான் இருக்கும். சாலையைவிட இது பத்திரமானது என்று உங்கள் மனம் உண்மையிலேயே நம்பியிருந்தால், அந்தக் கட்டத்தை நிரப்பும்போது கை தம்பியின் பெயரை எழுதியிருக்காது. எனக்கு நீங்கள் எழுதிய வாதங்களை அந்தக் கை நம்பவில்லை.

மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டு வரும் கடிதங்களைப் பல ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். வேலையை விட்டவர்கள், யாருக்கோ கடனுக்குக் கையெழுத்துப் போட்டவர்கள், பனிமலை ஏறப் பெயர் கொடுத்தவர்கள் என எல்லோரும் எழுதுகிறார்கள். சம்மதம் கேட்பதாகச் சொல்லும் அவர்களில் பெரும்பாலோர் முன்பணத்தைக் கட்டிவிட்டுத்தான் எழுதுகிறார்கள். முடிவெடுத்த பிறகு கேட்பதைச் சம்மதம் என்று சொல்லாதீர்கள். அதற்குப் பெயர் தகவல். நீங்கள் அந்தத் தகவலைக்கூடக் கொடுக்கவில்லை.

வலி தெரியாமல் கணத்தில் முடிந்துவிடும் என்கிறீர்கள். உண்மைதான். 3,800 மீட்டர் ஆழத்தில், சுண்டுவிரல் நகத்தளவு இடத்தின் மேல் ஏறத்தாழ 390 கிலோ எடை அழுத்துகிறது. அங்கே நீர்மூழ்கியின் கூடு உடைந்தால் உள்ளே இருப்பவர்களின் மூளைக்குச் செய்தி போய்ச் சேரும் முன்பே எல்லாம் முடிந்துவிடும். ஆனால் இந்த ஆறுதல் யாருக்கு? 2023 ஜூன் 18 அன்று, டைட்டானிக் கப்பலின் சிதைவைப் பார்க்க ஐந்து பேருடன் இறங்கிய டைட்டன் நீர்மூழ்கி வட அட்லாண்டிக்கில் நொறுங்கியது. மேலே துணைக்கப்பலில், நீர்மூழ்கியிலிருந்து வரும் செய்திகளைத் திரையில் கவனித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர், அதை ஓட்டிச் சென்ற நிறுவனத் தலைவர் ஸ்டாக்டன் ரஷ்ஷின் மனைவி. கதவை அடித்துச் சாத்தியதைப் போல ஒரு சத்தம் கேட்க, அவர் நிமிர்ந்து, அது என்ன சத்தம் என்று கேட்பது அமெரிக்கக் கடலோரக் காவல்படை வெளியிட்ட காணொளியில் பதிவாகியிருக்கிறது. இரண்டு எடைகளைக் கழற்றிவிட்டோம் என்று நீர்மூழ்கி அனுப்பிய கடைசிச் செய்தி அதற்குச் சில நொடிகள் கழித்தே மேலே வந்து சேர்ந்தது. செய்தியைவிடச் சத்தம் முந்திக்கொண்டது என்பது தெரியாமல், எல்லாம் சரியாக இருப்பதாகவே கப்பலில் இருந்தவர்கள் எண்ணிக்கொண்டார்கள்.

அதன்பின் நான்கு நாட்கள். உள்ளே 96 மணி நேரத்துக்கான ஆக்சிஜன் இருக்கிறது என்று உலகமே மணி பார்த்துக்கொண்டிருந்தது. நடுவில் கடலடியில் தட்டும் ஓசை கேட்டதாக ஒரு செய்தி வர, மீண்டும் நம்பிக்கை; அதற்கும் டைட்டனுக்கும் தொடர்பில்லை. பயணிகளில் 19 வயது மாணவர் ஒருவரும் அவருடைய தந்தையும் இருந்தார்கள். மாணவரின் தாயும் சகோதரியும் அதே துணைக்கப்பலில் காத்திருந்தார்கள். ஜூன் 22 அன்று டைட்டானிக்கின் முன்பகுதியிலிருந்து ஏறத்தாழ 500 மீட்டர் தொலைவில் சிதறல்கள் கண்டுபிடிக்கப்பட்டன. கணத்தில் முடிந்தது இறங்கியவர்களுக்குத்தான். அந்தத் தாய்க்காவது தன் கணவரும் மகனும் எதில் ஏறி எங்கே இறங்கினார்கள் என்பது தெரிந்திருந்தது. உங்கள் மனைவி நீங்கள் கப்பல் தளத்தில் காற்று வாங்கிக்கொண்டிருப்பதாக நினைத்திருப்பார்.

இனி உங்கள் தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை. முன்பின் தெரியாத ஒருவர் அவரை அழைத்து, நீர்மூழ்கியோடு தொடர்பு அறுந்துவிட்டது என்பார். எந்த நீர்மூழ்கி என்று அவர் கேட்பார். பிறகு உங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, அண்ணியிடம் முதலில் எதைச் சொல்வார்? அண்ணன் காணாமற்போனதையா, அண்ணன் பொய் சொன்னதையா? கூடப் பிறந்தவன் தோளில் இவ்வளவு பெரிய சுமையை, அவனைக் கேட்காமலே ஏற்றி வைத்திருக்கிறீர்கள். இதை எழுதும்போதே எனக்குக் கோபம் வருகிறது.

டைட்டன் விபத்தைப் பற்றிக் கடலோரக் காவல்படையின் விசாரணைக் குழு 2025 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கை, அது தவிர்த்திருக்கக்கூடிய விபத்து என்றது. கார்பன் இழையாலான கூடு, போதாத சோதனைகள் எனக் காரணங்கள் பல உண்டு. கேள்வி கேட்பவர்களை அந்த நிறுவனம் மிரட்டி அடக்கியதையும் அறிக்கை சொல்கிறது. பாதுகாப்புக் குறைகளை எழுதிக் கொடுத்த கடல்பணி இயக்குநர் 2018இல் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். 2022 ஜூலையில், டைட்டன் மேலே வந்துகொண்டிருந்தபோது கூட்டிலிருந்து பெருத்த வெடிச்சத்தம் கேட்டது. பொருத்தியிருந்த உணரிகளின் பதிவுகளும் அதன்பின் மாறின. அப்போதும் நிறுத்திக் கேட்க ஆளில்லை. அந்தக் குளிர்காலம் முழுவதும் அதைத் திறந்தவெளியில் போட்டுவைத்துவிட்டு, அடுத்த ஆண்டு மீண்டும் கடலில் இறக்கினார்கள். அவர்கள் நிறுவனத்தில் செய்ததை நீங்கள் வீட்டில் செய்திருக்கிறீர்கள். கேள்வி கேட்கக்கூடிய ஒரே ஆளைப் படிவத்திலிருந்தே நீக்கிவிட்டீர்கள்.

உங்கள் மனைவி கேட்டிருப்பார். சான்றிதழ் பெறும் பணி நடக்கிறது என்றால் இன்றைக்குக் கையில் சான்றிதழ் இல்லை என்றுதானே பொருள் என்று முதல் நிமிடமே கேட்டிருப்பார். கப்பல்களையும் நீர்மூழ்கிகளையும் சோதித்துச் சான்றளிக்கும் அமைப்புகளை வகைப்பாட்டுச் சங்கங்கள் என்பார்கள். டைட்டனுக்கும் அப்படி எந்தச் சங்கத்தின் சான்றும் இருந்ததில்லை. அந்த நடைமுறை புதுமைக்கு முட்டுக்கட்டை என்று அந்த நிறுவனமே 2019இல் எழுதியது. டிஎன்வி போன்ற ஒரு சங்கம் கூட்டின் வடிவமைப்பிலிருந்து கடல் சோதனை வரை உடனிருந்து பார்த்து, இந்த ஆழம்வரை இது தாங்கும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறதா? ஆளில்லாமல் அதே ஆழத்துக்கு எத்தனை முறை இறக்கினார்கள்? ஒவ்வொரு பருவம் முடிந்ததும் கூட்டை யார் சோதிக்கிறார்கள்? மாட்டிக்கொண்டால் மீட்க யார் வருவார்கள்? கடைசிக் கேள்விக்கு நானே பதில் சொல்கிறேன். 1973இல் அயர்லாந்துக்கு அப்பால் பைசீஸ் 3 என்ற நீர்மூழ்கி ஏறத்தாழ 480 மீட்டர் ஆழத்தில் சிக்கி, மூன்று நாட்களுக்கு மேல் நடந்த போராட்டத்துக்குப் பின், உள்ளே இருந்த இருவரும் உயிரோடு மீட்கப்பட்டார்கள். இன்றுவரை பெருஞ்சாதனையாகப் பேசப்படும் மீட்பு அது. நீங்கள் இறங்கப்போவது அதைப்போல எட்டு மடங்கு ஆழத்துக்கு.

ஆழ்கடலே வேண்டாம் என்று சொல்ல நான் எழுதவில்லை. 1964இலிருந்து இயங்கும் ஆல்வின் என்ற ஆராய்ச்சி நீர்மூழ்கி 5,000 முறைக்கு மேல் இறங்கியிருக்கிறது, ஓர் உயிர்கூடப் போனதில்லை. குறித்த கால இடைவெளியில் அதை அக்கக்காகப் பிரித்துச் சோதித்துப் பூட்டுகிறார்கள். அப்படிப்பட்ட ஒன்றில் நீங்கள் ஏறினால் நான் தடுக்கமாட்டேன். ஆனால் மணமானவரின் உயிர் அவருக்கு மட்டும் சொந்தமான சொத்தன்று என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. பழைய காலத்துப் பேச்சு என்று நீங்கள் நினைத்தாலும் சரி. அதைப் பணயம் வைக்கும் உரிமை உங்களுக்கு உண்டென்றால், பணயம் எவ்வளவு என்று தெரிந்துகொள்ளும் உரிமை அவருக்கும் உண்டு.

எனவே சம்மதிக்க வைக்கும் வழி எதையும் நான் சொல்லித் தரப்போவதில்லை. இன்றிரவு அந்தப் படிவத்தையும், மரணம் நேர்ந்தாலும் நிறுவனம் பொறுப்பல்ல என்று நீங்கள் கையெழுத்திட்டுக் கொடுத்த, அல்லது கொடுக்கப்போகிற, தாளையும் எடுத்துக்கொண்டுபோய் அவர் கையில் கொடுங்கள். இடையில் விளக்கம் சொல்லாதீர்கள். முழுவதையும் படித்து முடிக்கட்டும். அவர் கேட்பவற்றை ஒரு தாளில் எழுதி நிறுவனத்துக்கு அனுப்புங்கள். பதில்கள் எழுத்தில் வரட்டும். தொலைபேசியில் சொல்வதாக அவர்கள் சொன்னால் முன்பணம் போனாலும் போகட்டும் என்று விட்டுவிடுங்கள். பதில்கள் வந்தபின் தம்பியின் எண்ணை அடித்துவிட்டு, பேனாவை மனைவியிடம் கொடுத்துத் தன் எண்ணைத் தானே எழுதச் சொல்லுங்கள். அவர் எழுதினால் போய்வாருங்கள். பேனாவைக் கீழே வைத்துவிட்டால், அதற்குமேல் ஒரு வார்த்தை பேசாமல் பயணத்தை ரத்து செய்யுங்கள்.