3.1 சராசரியை வைத்துக்கொண்டு முதலீட்டு வங்கிக்கு விண்ணப்பிக்கலாமா?

கேள்வி: நிதியியல் பட்டப்படிப்பில் கடைசி ஆண்டு படிக்கிறேன். முதல் ஆண்டில் சறுக்கியதால் மதிப்பெண் சராசரி (ஜி.பி.ஏ.) 4க்கு 3.1தான் நிற்கிறது. இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங்தான் ஆசை. விண்ணப்பிப்பது வீண்வேலையா?

பதில்: வீண் இல்லை. ஆனால் எந்த வழியாக விண்ணப்பிக்கிறீர்கள் என்பதை மாற்றியாக வேண்டும்.

நிறுவனங்களுக்கு நிதி திரட்டித் தரும், இணைப்புகளை முடித்துத் தரும் பெரிய முதலீட்டு வங்கிகளில் கொஞ்ச இடங்களுக்கு விண்ணப்பங்கள் வந்து குவியும். அவ்வளவையும் படித்துப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. முதல் சல்லடையாக மதிப்பெண்ணைப் பிடித்துக்கொள்கிறார்கள். 4 புள்ளி முறையில் 3.5 என்பது அங்கே பரவலாகப் புழங்கும் கோடு. இணையத்தில் நேரடியாகப் போடும் விண்ணப்பம் 3.1உடன் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். உள்ளே வேலை பார்க்கும் சீனியர் ஒருவர் கொடுத்தனுப்பினால், குறைந்தபட்சம் ஒரு மனிதர் படிப்பார். கல்லூரியின் பழைய மாணவர்களைத் தேடிப் பேசுங்கள். எடுத்த எடுப்பில் வேலை கேட்காதீர்கள், அவர்களுடைய வேலையைப் பற்றிக் கேளுங்கள்.

வணிக வங்கிகளின் கடன் பிரிவு, நிறுவனங்களின் நிதிப் பிரிவு, காப்பீடு போன்ற இடங்களில் இந்தக் கோடு தளர்வாகவே இருக்கும். அங்கே தொடங்கி இரண்டு, மூன்று ஆண்டு அனுபவத்தோடு மாறுபவர்கள் உண்டு. அப்போது கல்லூரி மதிப்பெண் பேச்சே அநேகமாக எழாது.

நேர்காணலுக்குள் போய்விட்டால் கணக்கே வேறு. அடிக்கடி வரும் கேள்வி ஒன்று: தேய்மானம் (சொத்து பழையதாவதால் கணக்கில் கழிக்கும் மதிப்பு) 10 கூடினால் மூன்று நிதி அறிக்கைகளிலும் என்ன நடக்கும்? வரி 20 சதவீதம் என்று வையுங்கள். லாப நட்ட அறிக்கையில் வரிக்கு முந்தைய லாபம் 10 குறையும், வரி 2 மிச்சமாகும், நிகர லாபம் 8 குறையும். தேய்மானத்துக்காகப் பணம் எதுவும் வெளியே போகவில்லை. அதனால் ரொக்க ஓட்ட அறிக்கையில் அந்த 10ஐத் திரும்பக் கூட்டினால் ரொக்கம் 2 ஏறும். இருப்புநிலைக் குறிப்பில் ரொக்கம் 2 கூடி, நிலையான சொத்து 10 இறங்கும். எதிர்ப்பக்கம் தக்கவைத்த லாபம் 8 இறங்கும். இரு பக்கமும் சரியாக நிற்கிறது. இதைத் தாள் இல்லாமல் நிதானமாகச் சொல்பவரிடம் முதல் ஆண்டு மதிப்பெண்ணை யாரும் கிளறமாட்டார்கள். 3.9 வாங்கியவரே இங்கே திணறிப்போவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதலீட்டுத் துறையினருக்கான தொழில்முறைச் சான்றிதழான சி.எஃப்.ஏ.வின் முதல் நிலைத் தேர்வைப் படிப்பு முடிய 23 மாதங்கள் இருக்கும்போதே எழுதலாம். உங்களுக்குத் தகுதி உண்டு. தேறினால் முதல் ஆண்டுச் சறுக்கலுக்கு நல்ல எதிர்ச்சான்று. அதை மட்டும் நம்பி இன்டர்ன்ஷிப்பை விட்டுவிடாதீர்கள்.

ரெஸ்யூமேயில் மொத்தச் சராசரிக்குப் பக்கத்தில் நிதிப் பாடங்களின் சராசரியைத் தனியாகக் குறிப்பிடலாம், அது உயர்வாக இருந்தால். 3.1ஐ 3.3 ஆக்கிவிடாதீர்கள். வேலை உறுதியான பிறகும் மதிப்பெண் பட்டியலை வாங்கிச் சரிபார்ப்பார்கள். பொய் என்று தெரிந்தால் கையில் கிடைத்த வேலையும் போய்விடும்.