கிரெடிட் ஏற்கப்பட்டும் ஆய்வக அறிவியல் கட்டம் காலியாக இருப்பது ஏன்?

அமெரிக்காவில் கம்யூனிட்டி காலேஜில் (இரண்டாண்டுக் கல்லூரியில்) குவார்ட்டர் முறையில் படித்த 5 கிரெடிட் உயிரியல், இப்போது சேர்ந்திருக்கும் லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில் 3.33 ஆகிவிட்டது, டிகிரி ஆடிட்டில் (பட்டத் தேவைகளின் நிலையைக் காட்டும் பட்டியலில்) ஆய்வக அறிவியல் இன்னும் பாக்கி என்று காட்டுகிறது என எழுதியிருக்கிறீர்கள். 3.33 சரியான கணக்குதான். கல்வியாண்டை மூன்று பருவமாகப் பிரிக்கும் குவார்ட்டர் முறையின் ஒரு கிரெடிட், இரண்டாகப் பிரிக்கும் செமஸ்டர் கணக்கில் மூன்றில் இரண்டு பங்கு.

டிகிரிக்கான மொத்தக் கிரெடிட்டில் ஒரு பாடம் சேர்வது வேறு, எல்லா மாணவர்களும் முடிக்க வேண்டிய பொதுக்கல்வித் தேவை ஒன்றை அது நிறைவேற்றுவது வேறு. உங்கள் பாடம் வெறும் எலெக்டிவ் (விருப்பப் பாடம்) என்று பதிவாகியிருக்கிறதா பாருங்கள். பாட விவரத்தில் ஆய்வகம் பற்றி ஒரு வரி இல்லாவிட்டால் பெரும்பாலும் அப்படித்தான் போடுவார்கள். அந்தத் தேவைக்கு 4 கிரெடிட் வேண்டுமென்றால், 0.67 குறைவதும் காரணமாக இருக்கலாம். நீங்கள் சேர்ந்த ஆண்டின் கேட்டலாக்கில் (கல்லூரியின் பாட, விதித் தொகுப்பில்) விதி இருக்கும். இந்த ஆண்டுப் பதிப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

அடுத்து ரெஜிஸ்ட்ராரிடம் (கல்லூரிப் பதிவாளரிடம்) மறுபரிசீலனை மனு கொடுங்கள். நீங்கள் படித்த அதே குவார்ட்டரின் சிலபஸ், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஆய்வகம், என்னென்ன சோதனைகள் செய்தீர்கள் என்ற பட்டியல் மூன்றும் அவசியம். சிலபஸ் இல்லாத மனு அநேகமாகத் திரும்பி வரும். பழைய துறையிடம் கேட்டால் அனுப்புவார்கள். 0.67 குறைவைத் தள்ளுபடி செய்யும்படியும் அதே மனுவில் கேளுங்கள்.

முடிவு வரும்வரை ஒரு ஆய்வகப் பாடத்தில் பதிவு செய்து வைப்பது நல்லது, முடிந்தால் மேஜருக்கும் (முதன்மைப் பாடத்துக்கும்) கணக்காகும் பாடமாக. மனு ஏற்கப்பட்டால், ஆட்-டிராப் (பாடங்களைச் சேர்க்கவோ விடவோ அனுமதிக்கும்) காலத்தின் கடைசி நாளுக்குள் விட்டுவிடலாம். எஃப்-1 (மாணவர்) விசா என்றால், விட்ட பிறகும் அந்தப் பருவத்தில் 12 கிரெடிட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும்.