14 கோர் ஜியானா, 12 கோர் லேப்டாப்பா? கம்ப்யூட்டர் கேள்வி பதில்

கேள்வி: கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். சர்வரில் இருந்து கழற்றிய ஜியான் ஈ5-2680 வி4 பிராசஸர், போர்டு, 32 ஜிபி ராம் மூன்றும் சேர்ந்து லேப்டாப் விலையில் பாதிக்குக் கிடைக்கிறது. இன்னொரு பக்கம் கோர் ஐ5-12500ஹெச் லேப்டாப் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஜியானில் 14 கோர், லேப்டாப்பில் 12. அப்படியென்றால் ஜியான்தானே வேகம்?
வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: கோர் (பிராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி) எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். அந்த ஜியான் 2016-ல் வந்தது. 14 கோரும் ஒரே வகை, 28 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலை வரிசைகள்). ஒன்றிரண்டு கோர் மட்டும் ஓடும்போது 3.3 கிகாஹெர்ட்ஸ் வரை போகும். எல்லாம் சேர்ந்து ஓடினால் 2.9-ல் நிற்கும். லேப்டாப் பிராசஸர் 2022-ல் வந்தது. அதன் 12 கோரில் பெரியது 4, சின்னது 8, மொத்தம் 16 த்ரெட். பெரிய கோர் 4.5 கிகாஹெர்ட்ஸ் தொடும். அதோடு, ஒரே கிகாஹெர்ட்ஸில் ஓடவிட்டாலும் புதிய கோர் கூடுதல் வேலையை முடிக்கும். ஆகவே ஒரு கோரை நம்பி ஓடும் வேலையில் லேப்டாப் ஒன்றரை மடங்குக்கும் மேல் முந்திவிடும். போட்டோஷாப்பில் பல ஃபில்டர்கள், புரோகிராம் திறப்பது, டைம்லைனில் கிளிப்பை வெட்டி ஒட்டுவது எல்லாம் பெரும்பாலும் இந்த ரகம். எல்லாக் கோரையும் பிழிந்தெடுக்கும் வேலையில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவில் வரும், அதுவும் லேப்டாப்பின் கூலிங் ஒழுங்காக இருந்தால்.

உங்கள் தொழிலில் முக்கியமான வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. அந்த ஜியானுக்குள் கிராபிக்ஸ் கிடையாது. லேப்டாப் பிராசஸருக்குள் இருக்கும் இன்டெல் கிராபிக்ஸில் குயிக் சிங்க் என்ற தனிப் பகுதி உண்டு. கேமராவிலிருந்து ஹெச்.264, ஹெச்.இ.வி.சி. என்ற சுருக்கிய வடிவங்களில் வரும் கிளிப்புகளை அதுவே விரித்துக் கொடுக்கும். முகூர்த்தக் காட்சியை மூன்று கேமராவில் எடுத்து ஒரே டைம்லைனில் அடுக்கி ஓட்டும்போது, திக்குமா திக்காதா என்பதை முடிவு செய்வது இந்தப் பகுதிதான். குறிப்பாக, புதிய கேமராக்கள் தரும் ஹெச்.இ.வி.சி. 4:2:2 10-பிட் (நிறத் தகவல் கூடுதலாக உள்ள வகை) கிளிப்பை இன்டெல் 11-ஆம் தலைமுறை முதல் இந்தப் பகுதியே பார்த்துக்கொள்ளும். என்விடியாவின் ஆர்.டி.எக்ஸ். 40 வரிசை கார்டுகள்கூட 4:2:2-ஐ அப்படி விரிப்பதில்லை. ஜியானில் இந்தச் சுமை முழுக்க கோர்களின் தலையில்தான் விழும். அதற்குத் தனி கிராபிக்ஸ் கார்டும் வாங்கியாக வேண்டும். அந்தக் காசையும் சேர்த்தால் பாதி விலை என்ற கணக்கு நிற்காது.

ஜியான் ஜெயிக்கும் இடங்களும் இருக்கின்றன. பிளெண்டரில் பிராசஸரை வைத்தே மணிக்கணக்கில் ரெண்டர் செய்வது, ஒரே மெஷினுக்குள் பல கம்ப்யூட்டர்கள் இருப்பது போல விர்ச்சுவல் மெஷின்கள் ஓட்டுவது, 128 ஜிபி ராம் கேட்கும் வேலை போன்றவை. ராமுக்கு நான்கு சேனல் இருப்பதால் டி.டி.ஆர்.4-2400-ல் நொடிக்கு 76.8 ஜிபி வரை போகும், டி.டி.ஆர்.4-3200 ராம் இரண்டு போட்ட லேப்டாப்பில் 51.2. கிராபிக்ஸ் கார்டும் என்.வி.எம்.இ. டிஸ்க்கும் வரிசையாகப் போட 40 பி.சி.ஐ. லேன் (கார்டுகளுக்கான தகவல் பாதை) உண்டு. கல்யாண வீடியோவுக்கு இவற்றில் பாதிகூடத் தேவைப்படாது.

எங்கள் பரிந்துரை உங்கள் பட்டியலிலேயே இல்லாத ஒன்று. மண்டபத்துக்கும் ஸ்டூடியோவுக்கும் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை என்றால், கோர் ஐ5-12400 போட்ட டெஸ்க்டாப் வாங்குங்கள். கடைசியில் எஃப் என்ற எழுத்து இருக்கும் 12400எஃப் வேண்டாம். அதில் கிராபிக்ஸ் அணைக்கப்பட்டிருக்கும், குயிக் சிங்க்கும் கூடவே போய்விடும். விலை சற்றுக் குறைவு என்று கடையில் அதைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார்கள். அலைய வேண்டியிருந்தால் லேப்டாப்.

அதையும் மீறி ஜியான்தான் என்றால், பணம் கொடுக்கும் முன் பிராசஸரைக் கழற்றச் சொல்லி, சாக்கெட் பின்களை டார்ச் வெளிச்சத்தில் சாய்வாகப் பாருங்கள். வரிசையில் ஒரு பின் மட்டும் வேறு பக்கம் மின்னினால் அது வளைந்த பின். 8 ஜிபி வீதம் நான்கு ராமையும் போட்டு, மெஷின் விவரம் காட்டும் சி.பி.யு.-ஸெட் புரோகிராமில் 'குவாட்' (நான்கு சேனல்) என்று வருகிறதா பாருங்கள். 32 ஜிபிக்குப் பதில் 24 காட்டினால் ஒரு சேனல் செத்திருக்கிறது என்று அர்த்தம்: பின் வளைவு, அல்லது பிராசஸர் அடியில் அழுக்கு. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துப் போட்டும் வரவில்லை என்றால் போர்டை வாங்காதீர்கள். கூலர் வாங்குவதிலும் ஏமாறுவார்கள்: இந்த சாக்கெட்டில் கூலர் மாட்டும் துளைகளின் இடைவெளி 80×80 மில்லிமீட்டர், 56×94 மில்லிமீட்டர் என இரண்டு வகை உண்டு. அளந்துவிட்டு வாங்குங்கள். எக்ஸ்99 என்ற பெயரில் வரும் சீன போர்டுகள் சிலவற்றில் ஸ்லீப் சரியாக வேலை செய்யாது. கடையிலேயே ஸ்லீப்பில் போட்டு எழுப்பிப் பாருங்கள். விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் தரும் பட்டியலில் இந்தப் பிராசஸர் இல்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. வாடிக்கையாளர் படங்களை வைத்துத் தொழில் செய்கிறவர் இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

கேள்வி: என் லேப்டாப்பும் ஐ5-12500ஹெச்தான். பெரிய புராஜெக்ட் கம்பைல் செய்யும்போது (எழுதிய புரோகிராமை மெஷின் ஓட்டும் வடிவுக்கு மாற்றும்போது) முதல் அரை நிமிஷம் பறக்கிறது, அப்புறம் படுத்துவிடுகிறது. பிராசஸர் கோளாறா?
மாணவர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: கோளாறு இல்லை, அதன் அமைப்பே அப்படி. இந்தப் பிராசஸருக்கு இன்டெல் சொல்லும் அடிப்படை அளவு 45 வாட், உச்ச அளவு 95 வாட். உச்சத்தில் சிறிது நேரம் மட்டும் ஓட விட்டு, பிறகு லேப்டாப் கம்பெனி வைத்த நீண்ட நேர வரம்புக்கு இறக்கிவிடும். மெல்லிய மாடலில் அந்த வரம்பு 45-க்கும் கீழே இருக்கும். சர்வர் பிராசஸர் இதற்கு நேர் எதிர். அதன் 120 வாட் என்பது நாள் முழுக்கத் தாங்கும் கணக்கு; அதற்கேற்ற கூலரும் காற்றோட்டமும் இருக்கும் என்று நம்பித்தான் வடிவமைத்திருக்கிறார்கள்.

உங்கள் மெஷின் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். சார்ஜரை மாட்டி, ஹெச்டபிள்யூ இன்ஃபோ என்ற புரோகிராமில் சென்சார் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, பிராசஸர் வேகத்தைச் சோதிக்கும் சினிபெஞ்ச் ஆர்23-ஐ 10 நிமிடச் சோதனையில் ஓட விடுங்கள். பார்க்க வேண்டியது மூன்று: பேக்கேஜ் பவர் எத்தனை வாட்டில் வந்து நிற்கிறது, வெப்பம் எவ்வளவு, 'தெர்மல் திராட்லிங்' (சூட்டால் வேகம் குறைவது) வரியில் ஆம் என்று விழுகிறதா. வெப்பம் 85 டிகிரியில் இருக்கும்போதே வாட் இறங்கினால் அது கம்பெனி வைத்த வரம்பு. பவர் மோடை 'பெர்ஃபார்மன்ஸ்' ஆக்கினால் கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான். 100 டிகிரி தொட்டு இறங்கினால் கூலிங் பிரச்னை. ஃபேனையும் சூட்டை வெளியேற்றும் ஃபின் தகடுகளையும் சுத்தம் செய்து தெர்மல் பேஸ்ட் மாற்றினால் போன வேகம் திரும்பக் கிடைக்கும். காற்று ஊதும்போது ஃபேனைப் பல்குத்தியால் நிறுத்திப் பிடியுங்கள்; தாறுமாறாகச் சுற்றவிட்டால் பேரிங் போய்விடும்.

இன்னொன்றும் பாருங்கள்: ஒரே ஒரு ராம் மட்டும் போட்டு விற்கும் லேப்டாப்கள் நிறைய. டாஸ்க் மேனேஜரில் ஸ்லாட் '1 ஆஃப் 2' என்று காட்டினால் இரண்டாவதைப் போடுங்கள். ராமின் வேகப்பாதை இரண்டு மடங்காகும், உள் கிராபிக்ஸும் தேறும்.

கேள்வி: சர்வரிலிருந்து எடுத்த 16 ஜிபி டி.டி.ஆர்.4 ஈ.சி.சி. (பிழை திருத்தும் வகை) ராமை என் சாதாரண டெஸ்க்டாப்பில் போடலாமா?
வாசகர், பண்ருட்டி

பதில்: பெரும்பாலும் முடியாது. ஸ்லாட்டில் உட்காரும், மெஷின் ஆன் ஆகாது. ராம் ஸ்டிக்கரில் 2400டி-க்குப் பின்னால் வரும் எழுத்தைப் பாருங்கள். ஆர் என்றால் ரெஜிஸ்டர்டு வகை, சர்வர் போர்டுக்கு மட்டும். யு என்றால் சாதாரண டெஸ்க்டாப் ராம். ஸ்டிக்கர் கிழிந்திருந்தால் சில்லுகளைப் பாருங்கள்: சர்வர் ராமின் நடுவில் மற்றவற்றிலிருந்து வேறுபட்ட ஒரு சின்னச் சில்லு தனியாக இருக்கும், அதுதான் ரெஜிஸ்டர்.

கேள்வி: வீட்டில் சிசிடிவி பதிவும் குடும்பப் படங்களும் சேமிக்க 24 மணி நேரமும் ஓடும் மெஷின் வேண்டும். பழைய ஜியான் நல்லதா, சும்மா கிடக்கும் லேப்டாப் போதுமா? வீடு கடலுக்கு அருகில்.
வாசகர், தேவனாம்பட்டினம்

பதில்: லேப்டாப் போதும். ஜியான் மெஷின் சும்மா நிற்கும்போதே 80 வாட் இழுப்பதாக வையுங்கள். ஒரு நாளைக்கு 1.92 யூனிட், இரண்டு மாத பில்லில் சுமார் 115 யூனிட். வீட்டு இணைப்புக்கு அரசு தரும் இலவச 100 யூனிட்டை இந்த ஒரு பெட்டியே தின்றுவிடும். லேப்டாப் 10 வாட் என்றால் அதே இரண்டு மாதத்துக்கு 14 யூனிட் சொச்சம். ஒரு நாளில் ஓரிரு மணி நேரம் மட்டும் ரெண்டர் செய்கிறவர் கரண்ட் பில்லுக்காக ஜியானை ஒதுக்க வேண்டியதில்லை. உங்கள் மாதிரி இரவு பகலாக ஓட்டுபவருக்குத்தான் இந்தக் கணக்கு.

கரண்ட் போகும் நேரத்திலும் லேப்டாப்தான் கைகொடுக்கும். 600 வி.ஏ. யு.பி.எஸ்ஸுக்குள் பொதுவாக இருப்பது 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் பேட்டரி. 200 வாட் சுமையில் பத்து நிமிடம்கூட அதை நம்ப முடியாது. லேப்டாப் பேட்டரி நல்ல நிலையில் இருந்தால் சில மணி நேரம் இழுக்கும். ஆனால் ரவுட்டரும் கேமராவும் அணைந்துவிட்டால் பதிவு செய்ய எதுவும் இருக்காது. அவற்றுக்கு 12 வோல்ட் மினி யு.பி.எஸ். தனியாக வாங்குங்கள். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் உங்கள் கரையில்தான் ஏறியது. அப்படிப்பட்ட நாளில் எந்த பேட்டரியும் போதாது. படங்களின் இரண்டாவது நகல் ஊருக்கு வெளியே உறவினர் வீட்டிலோ கிளவுடிலோ இருக்கட்டும்.

எந்நேரமும் சார்ஜரில் கிடக்கும் லேப்டாப்பில் பேட்டரி உப்பும். கம்பெனி ஆப்பிலோ பயோஸிலோ சார்ஜ் வரம்பை 60 அல்லது 80 சதவீதத்தில் வையுங்கள். டச்பேட் மேலெழும்பினாலோ, மேஜையில் வைத்தால் அடிப்பக்கம் ஆடினாலோ அன்றே அணைத்து பேட்டரியைக் கழற்றச் சொல்லுங்கள்.

உப்புக்காற்றுக்கு எந்தப் பிராசஸரும் விதிவிலக்கு இல்லை. கடல் பார்த்த ஜன்னலுக்கு நேராக வைக்காதீர்கள். ஓடிக்கொண்டே இருக்கும் மெஷின் தன் சூட்டில் ஈரத்தை விரட்டிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நாள்கணக்கில் அணைந்து கிடப்பதில்தான் பூஞ்சையும் பச்சைப் பூப்பும் பிடிக்கிறது. ராம் காலில் கறுப்பு படிந்தால் ரப்பர் வைத்துத் தேய்ப்பது நம் ஊர் வழக்கம். அந்தத் தங்கப் பூச்சு மிக மெல்லியது. தேய்க்கத் தேய்க்கப் போய், அடியில் இருக்கும் உலோகம் இன்னும் வேகமாக அரிக்கும். பஞ்சு சுற்றிய குச்சியை 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்துத் துடைத்து, ஐந்து நிமிடம் உலர விட்டு மாட்டுங்கள்.