வயர் போகும் வழி அடைத்திருந்தால்?

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது. 9 வருடமாக இடது மார்பில் பேஸ்மேக்கர் இருக்கிறது. இப்போது நடந்தாலே மூச்சு வாங்குகிறது. எக்கோவில் பம்பிங் 30 சதவீதம் என்று வந்ததால், இதயத்தின் இரண்டு பக்கமும் சேர்ந்து துடிக்க வைக்கும், மூன்று வயர் உள்ள கருவிக்கு மாற்றச் சொன்னார்கள். ஆனால் கையில் சாய ஊசி போட்டுப் படமெடுத்துவிட்டு, ரத்தக்குழாய் அடைத்திருக்கிறது என்கிறார்கள். கை வீங்கவே இல்லையே டாக்டர்? இனி வழியே இல்லையா?

பதில்: வழி இருக்கிறதம்மா. அதை முதலில் அப்பாவிடம் சொல்லிவிடுங்கள்.

பேஸ்மேக்கர் வயர்கள் காரை எலும்புக்குக் கீழே உள்ள ரத்தக்குழாய் வழியாகத்தான் இதயத்துக்குப் போகின்றன. பழைய வயர்கள் உரசி உரசி, அந்தக் குழாய் வருடக்கணக்கில் மெல்லச் சுருங்கும். அதற்குள் பக்கத்துச் சிறு குழாய்கள் பருத்து ரத்தத்தைக் கொண்டுபோகப் பழகிவிடும். அதனால்தான் பெரும்பாலும் கை வீங்குவதில்லை. படத்தில் பார்த்தால், காரை எலும்புக்குக் கீழே கறுத்த கோடு சட்டென்று நின்றிருக்கும். சுற்றிலும் நூல் நூலாகக் கிளைகள் கழுத்துப் பக்கம் ஏறி இறங்கும்.

நான் முதலில் தேடுவது, அந்த அடைப்புக்குள் மயிரிழை அளவாவது வழி தெரிகிறதா என்பதைத்தான். 0.4 மில்லிமீட்டர்கூட இல்லாத கம்பி ஒன்று நுழைந்துவிட்டால், அதன்மேல் பலூனை ஏற்றி விரித்து, புது வயரை அனுப்பலாம். நுழையவில்லையா, பழைய வயர் ஒன்றை, ஒட்டியிருப்பதை லேசரால் அறுத்தபடி வயர்மேல் நகரும் உறையால் உரித்தெடுத்து, அந்தத் தடத்திலேயே அனுப்பலாம். ஆனால் 9 வருட வயர் குழாய்ச் சுவரோடு ஒட்டியிருக்கும். கிழிந்தால் உயிருக்கே ஆபத்து. இதய அறுவை மருத்துவர் தயாராக நிற்கும் இடத்தில்தான் இதைச் செய்ய வேண்டும்.

வலது பக்கம் வயரைச் செலுத்தி, தோலுக்கடியில் இடது பக்கம் இழுத்து வரலாம். இளவயதுக்காரர் என்றால் யோசிப்பேன். மறுபக்கக் குழாயும் கெட்டுப்போகலாம். 71 வயதில் இது நல்ல வழிதான். எதுவும் சரிவராவிட்டால், விலா எலும்புகளுக்கு நடுவே சிறிதாகத் திறந்து இதயத்தின் வெளிப்புறத்தில் வயரைப் பொருத்துவார்கள்.

முன்கூட்டியே படமெடுத்தது மிக நல்லது. பல வருடங்களுக்கு முன் ஒரு அம்மாவுக்கு, படமெடுக்காமலே மார்பில் கீறிவிட்டு, வயர் நுழையாமல் தைத்து அனுப்பினேன். கருவி இருக்கும் இடத்தை மறுபடி திறக்கத் திறக்க கிருமித் தொற்று அபாயம் கூடும். அன்றிலிருந்து படம் பார்க்காமல் நான் கத்தியை எடுப்பதில்லை.

வேறு டாக்டரிடம் கருத்துக் கேட்பதானால், ரிப்போர்ட்டை மட்டும் கொண்டுபோகாதீர்கள். படத்தின் சிடியைக் கேட்டு வாங்குங்கள். ‘முழு அடைப்பு’ என்று ரிப்போர்ட்டில் எழுதிய சில குழாய்களிலும் கம்பி நுழைந்திருக்கிறது.