பூக்கட்டும் நேரத்தில் போங்கள்

கேள்வி: எம்.எஸ்சி. நர்ஸிங் படிக்கிறேன். ஆய்வுக்காக எங்கள் பக்கத்துக் கிராமங்களில் சர்க்கரை நோய் உள்ள பெண்களைப் பேட்டி எடுக்கிறேன். எதைக் கேட்டாலும் ‘ஆமா’, ‘நல்லா இருக்கேன்’ என்று பத்து நிமிஷத்தில் முடித்துவிடுகிறார்கள். சம்மதப் படிவத்தைப் பார்த்தாலே மிரள்கிறார்கள். என்ன செய்வது?
– ஒரு வாசகி, திருமங்கலம்

பதில்: எத்தனை மணிக்குப் போகிறீர்கள்? மல்லிகைத் தோட்டம் உள்ள ஊரில் விடியுமுன்பே பூப்பறிக்கக் கிளம்பிவிடுவார்கள். திரும்பி வந்து உலை வைக்கிற நேரத்தில் நீங்கள் வாசலில் நின்றால் ‘நல்லா இருக்கேன்’தான் கிடைக்கும். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம், திண்ணையில் பூக்கட்ட உட்காரும்போது போய்ப் பாருங்கள். கை நாரில், கண் பூவில். உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பதாலேயே பேச்சு வரும்.

கேள்வித்தாளில் ‘நீரிழிவு’ என்று இருந்தால் அடித்துவிட்டு ‘சுகர்’ என்று போடுங்கள். ‘ஏன் மாத்திரை போடலை?’ என்பதையும் அடியுங்கள். அது டாக்டர் திட்டுகிற கேள்வி, அதற்கு ‘ஒழுங்காத்தான் போடுறேம்மா’ என்ற பதில் தயாராக இருக்கும். ‘நேத்துக் காலையில எந்திரிச்சதுல இருந்து சொல்லுங்களேன்’ என்று நான் கேட்டபோது ஓர் அம்மா சொன்னார்: வெறும் வயிற்றில் போட்டால் கிறுகிறுக்கிறதாம், கஞ்சி குடித்துவிட்டுப் போடலாம் என்று மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டு களையெடுக்கப் போவாராம், பாதி நாள் சாயங்காலம் சேலை துவைக்கும்போதுதான் அது ஞாபகம் வருமாம். பேட்டி முடிந்து ரெக்கார்டரை அணைத்த பிறகு, இதை அப்படியே நர்ஸிடம் சொல்லச் சொன்னேன். நடுவில் சொல்லியிருந்தால் அடுத்த பதிலிலிருந்து எனக்குப் பிடித்த மாதிரி பேச ஆரம்பித்திருப்பார். நீங்களும் நர்ஸ் என்பதால் இது உங்களுக்கு இன்னும் கஷ்டம். யூனிஃபார்மில் மட்டும் போகாதீர்கள்.

படிவத்துக்கு மிரள்வதில் ஆச்சரியமில்லை. குழுக் கடனுக்குக் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்டவர்கள் எத்தனை பேர்! முதலில் வாயால் விளக்குங்கள். பேசாவிட்டாலும் ஆஸ்பத்திரியில் மாத்திரை வழக்கம்போலக் கிடைக்கும், நடுவில் ‘போதும்’ என்றால் எழுந்துவிடுவேன் என்று சொல்லுங்கள். குரலைப் பதிவு செய்யத் தனியாகக் கேளுங்கள். எழுதத் தெரியாதவர் கைரேகை வைக்கலாம். ஆய்வுக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் சாட்சியாக இருக்க வேண்டும் என்கின்றன இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 நெறிமுறைகள்.

ஆனால் அந்தச் சாட்சி யார் என்பதை அவரிடமே கேளுங்கள். உசிலம்பட்டிப் பக்கம், காசநோய்க்கு ஆறு மாத மாத்திரையில் இருந்த ஒரு மருமகளைப் பார்க்கப் போயிருந்தேன். கறிவேப்பிலை கேட்டு வந்த பக்கத்து வீட்டம்மாவை, சரி, வசதியாகப் போயிற்று என்று உட்காரவைத்துப் படிவத்தைச் சத்தமாக வாசித்தேன். நோயின் பேர் என் வாயில் வந்ததும் அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டார். கைரேகை வைத்தார். எல்லாவற்றுக்கும் ‘ஆமா’ என்றார். அடுத்த வாரம் போனபோது, மருமகள் ஊருக்குப் போய்விட்டதாக மாமியார் வாசலிலேயே சொல்லி அனுப்பினார். உள்ளே மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது.