எல்லா கமிட்டியிலயும் அதே முகங்கள்தானா?

கேள்வி: எங்க யுனிவர்சிட்டில எந்த கமிட்டி போட்டாலும் அதே சீனியர் ஆளுங்கதான் வந்து உக்கார்றாங்க. எல்லா தரப்பும் இருக்கணும்னு எனக்கு ஆசைதான், ஆனா கூப்பிட்டா யாரும் வர மாட்டேங்குறாங்களே? – ஒரு துறைத்தலைவர்

பதில்: யாரை, எப்படி கூப்பிட்டீங்க? வராண்டால எதிர்ல வர்ற தெரிஞ்சவர்கிட்ட "நீங்களே இருந்துடுங்க சார்"னு சொல்லி முடிச்சிருந்தா அதுக்குப் பேரு கூப்பிடுறது இல்ல. எடம் காலியா இருக்குன்னு எல்லாருக்கும் மெயில் போடுங்க, மாசத்துக்கு எத்தனை மீட்டிங், என்ன வேலை, எத்தனை வருஷம்னு அதுலயே சொல்லிடுங்க, என்னன்னே தெரியாத வேலைக்கு யாரு கை தூக்குவா? பதவிக்காலம்னு ஒண்ணு வைங்க, இல்லன்னா எடமே காலியாகாது. பாதி பேர் இந்த வருஷம், மீதி பேர் அடுத்த வருஷம்னு மாத்தினா பழைய அனுபவமும் கையில இருக்கும். "புரொபசர் மட்டும்தான்"னு விதி இருந்தா அது நெஜமாவே தேவையான்னு யோசிங்க, மேல்மட்டத்துல ஏற்கனவே இருக்குறவங்கதானே அந்த வழியா வருவாங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு, வீல்சேர் ஏறாத மாடி ரூம்ல மீட்டிங் வச்சுட்டு ஆள் வரலைன்னு சலிச்சுக்கறதும் நடக்கத்தான் செய்யுது.

அப்புறம், ஒரு தரப்புலேர்ந்து பேருக்கு ஒருத்தர மட்டும் சேக்காதீங்க. அந்த ஒருத்தர் என்ன பேசினாலும் அவர் கருத்தா எடுத்துக்காம அவர் தரப்போட கருத்தாவே பாப்பாங்கன்னு அமெரிக்க சமூகவியலாளர் ரோசபெத் கான்டர் 1977லயே எழுதிட்டாங்க. இன்னொண்ணு, உங்களுக்குப் பிடிக்காம போகலாம்: இத்தாலி, ஸ்பெயின் நாடுகள்ல பதவி உயர்வுக்கு ஆள் தேர்ந்தெடுக்குற கமிட்டிகளை ஆராய்ஞ்சு 2017ல ஒரு கட்டுரை வந்துச்சு, பெண்கள் அதிகம் இருந்த கமிட்டில பெண் விண்ணப்பதாரர்களுக்கு வாய்ப்பு கூடல. அதனால ஆள மாத்திட்டா போதும்னு இருந்துடாதீங்க, எதை வச்சு மதிப்பிடுறோம்னு விண்ணப்பத்தை பிரிக்கறதுக்கு முன்னாடியே எழுதி வைங்க.

கேள்வி: எங்க துறையில நான் ஒருத்திதான் பெண். எல்லா கமிட்டிக்கும் "ஒரு பெண் வேணும்"னு என்னையே போடுறாங்க, ரிசர்ச்சுக்கு நேரமே இல்ல. முடியாதுன்னு சொல்லலாமா? – இளம் பேராசிரியை

பதில்: தாராளமா சொல்லுங்க. அமெரிக்க உளவியலாளர் அமாடோ படில்லா 1994லயே இதுக்கு 'பண்பாட்டு வரி'ன்னு பேர் வச்சாரு, சிறுபான்மை இன ஆசிரியர்கள்மேல மட்டும் விழற கூடுதல் சுமை, உங்க கதையும் அதே மாதிரிதான். 2017ல வந்த இன்னொரு ஆய்வுல, யாரும் விரும்பாத ஒரு வேலைக்கு ஆண்-பெண் கலந்த குழுவுல பெண்கள்தான் அதிகமா முன்வந்தாங்க, ஆண்கள் மட்டும் இருந்த குழுவுலயோ அவங்களே சரியா முன்வந்தாங்க! அப்ப ஆண்களால முடியாம இல்ல, பக்கத்துல இருக்குற பெண் செய்வாங்கங்குற தெம்புதான்.

எல்லாத்தையும் விடவும் வேணாம். பணம், ஆள் எடுக்குறது, பதவி உயர்வு, இதெல்லாம் முடிவாகுற கமிட்டிய பிடிச்சுக்கங்க, விழா ஏற்பாட்டுக் கமிட்டிய முதல்ல விடுங்க. புதுசா ஒண்ணு குடுத்தா "எதைக் குறைக்கப் போறீங்க, ஒரு வகுப்பையா, பழைய கமிட்டியையா?"ன்னு துறைத்தலைவர்கிட்ட கேளுங்க, வாய்ல மட்டும் இல்ல, மெயில்லயும். பதவி உயர்வுக்கு இந்த வேலைக்கு எவ்ளோ மதிப்புன்னும் அதே மெயில்லயே கேட்டு வாங்கிடுங்க.